ஜீப் ஹப்புக்கு நம்பர் சொல்லிக் கொடுத்த அண்ணனுக்கு

சென்னை புதுப்பேட்டை வண்டி உதிரிபாகச் சந்தையில் உதவிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிய அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பழைய வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பின் முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்கு வெறுமனே "ஜீப் பேரிங்" என்று கேட்டால் கடைக்கு ஒன்றாகத் தருவார்கள். ரோலர்கள் உள்ள உள்வளையமான கோனுக்கு 18590, அது உட்கார்ந்து ஓடும் வெளிவளையமான கப்புக்கு 18520 என்று நம்பர் சொல்லி வாங்க வைத்தவர் அவர்தான். ஹப்பின் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டு பேரிங்குக்கும் அதே நம்பர். இரண்டு சக்கரத்துக்கு நான்கு செட், கூடவே இரண்டு ஆயில் சீல்.

கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை விடக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். கப்பின் உள்வட்டத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ரோலர் இடைவெளிக்கு ஒரு வரியாகத் தட்டுப்பட்டது. அதன்மேல் ஓடினால் புது ரோலரும் சீக்கிரமே இரையும். பித்தளைக் கம்பியை எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றி வைத்துத் தட்டித்தான் பழைய கப்பை இறக்கினார். ஒரே பக்கம் அடித்தால் சாய்ந்து ஹப்பையே கீறிவிடும். புதுக் கப் அடியில் போய் உட்கார்ந்ததும் அடிக்கும் சத்தம் 'டண்' என்று கெட்டிப்படும். அதுவரை அவர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

கிரீஸை உள்ளங்கையில் வைத்து, கோனின் அகலப் பக்கத்தை அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பேரிங் நட்டை இறுக்கி, பிடித்ததும் ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, வாஷரும் லாக் நட்டும் போட்டு வாஷரை மடக்க வேண்டும். இடப்பக்க வீல் நட்டுக்கு எதிர் மரை (கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும்) என்று முதலிலேயே எச்சரித்தீர்களே அண்ணா, ஒரு ஸ்டட்கூட உடையவில்லை.