ஆண்டறிக்கை 2024–25: பெங்களூரு பப் பயணமும் ஏல் ருசிப்பும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆண்டின் பெரிய வேலை பெங்களூருப் பயணம்தான். நம் சங்கத்தில் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் ஓடு) வார்ப்பவர்கள், பழைய மரச்சாமான் வியாபாரிகள், விருந்துச் சமையல்காரர்கள் என மூன்று தரப்பும் இருப்பதால், புதுப்பித்துத் திறந்த ஒரு பப் தேர்வானது. தரையில் நம் ஊர்க் கல், வளவு (செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றம்) போல அமைத்த கூடத்தில் காரைக்குடியில் வாங்கிய தேக்குத் தூண்கள், பின்கட்டில் அங்கேயே காய்ச்சும் ஏல் என்ற பீர் வகை.

தரையைத்தான் முதலில் பார்த்தோம். பீர்க் குழாய்களுக்கு நேர் கீழே இருந்த கற்கள் மட்டும் மினுமினுப்பு போய் வெளிறி, தொட்டால் சொரசொரவென்று இருந்தன. இது வார்ப்பின் குறையல்ல. நம் கல் சூளையில் சுடுவதில்லை. சிமெண்டில் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பை அமிலம் அரிக்கும். பீரின் பி.எச். அளவு (7க்குக் கீழே இறங்கினால் அமிலம்) 4 முதல் 4.5 வரை. எலுமிச்சைச் சாறு அரிப்பதைப் போல, சொட்டிக் காயும் ஏலும் நாளடைவில் மேல்பூச்சைத் தின்றுவிடும். பப்புக்கோ ஓட்டலுக்கோ கல் கொடுப்பவர்கள், குழாயடியில் கருங்கல் பதிக்கச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் திறப்பு விழாவுக்கு முன்பே உள்ளிறங்கும் சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) பூச வேண்டும். சிந்தியதை உடனே துடைக்க வேண்டும். ஆசிட் கலந்த கிளீனர் பக்கத்திலேயே வரக்கூடாது.

அடுத்தது ருசிப்பு. ஒரு தட்டில் 120 மில்லி கிளாஸ் ஆறு. மொத்தம் 720 மில்லி. சராசரி 5 சதவீதம் என்றால் 36 மில்லி சுத்த ஆல்கஹால். அதனால் இருவருக்கு ஒரு தட்டு, நடுநடுவே தண்ணீரும் வெறும் சோறும் என்று வைத்துக்கொண்டோம். வேன் ஓட்டுநர் தொடவில்லை. வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பில் முடிப்பதே முறை: கோதுமை ஏல், பேல் ஏல், ஆம்பர், ஐ.பி.ஏ. (ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ தூக்கலான ஏல்), வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு வகைகளான போர்ட்டர், ஸ்டவுட். வரிசையை மாற்றினால் ஐ.பி.ஏ.வின் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வருவது தண்ணீராகத் தெரியும்.

கோதுமை ஏலில் வாழைப்பழமும் கிராம்பும் மணத்தன. இரண்டையும் யாரும் சேர்ப்பதில்லை. பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் தரும் மணம். கொண்டுபோன மிளகுக் கோழிக்கு அதுவும் ஆம்பரும் நன்றாகச் சேர்ந்தன. ஐ.பி.ஏ. சேரவே இல்லை. ஹாப்ஸ் கசப்பும் கூடுதல் ஆல்கஹாலும் காரத்தைத் தூக்கிவிடும். சமையல்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கவுனி அரிசிக்கு ஸ்டவுட் அருமை. வறுத்த பார்லியின் காப்பி வாசம் தேங்காய்ப்பூவோடு கைகோத்தது.

பேல் ஏலில் மட்டும் வெண்ணெய் உருக்கிய வாடை. காரணம் இரண்டில் ஒன்று: ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் தொட்டியைக் குளிரவைத்திருப்பார்கள், அல்லது குழாய்க்குள் பாக்டீரியா. தொட்டியிலிருந்தே நேராகப் பிடித்துக் குடித்தால் தெரிந்துவிடும். அங்கே சுத்தமாக இருந்தது. ஆக, குழாய்தான் குற்றவாளி. 14 நாளுக்கு ஒருமுறை காஸ்டிக் கரைசல் ஓட்டி, வால்வைக் கழற்றித் தேய்க்க வேண்டிய வேலை இது. அழகுக்காகக் கவுண்டரைக் குளிர் அறையிலிருந்து வெகுதூரம் தள்ளியதால் வேறொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. நீளமான குழாயில் நிற்கும் பீர் சூடேறி, ஒவ்வொரு முதல் கிளாசும் வெறும் நுரையாக வருகிறது. இத்தனை நல்ல தேக்கையும் கல்லையும் தேடிப்பிடித்தவர்கள் குழாயைக் கவனிக்காமல் விட்டது மனதுக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கிளாசின் உட்பக்கம் குமிழிகள் ஒட்டி நின்றால் எண்ணெயோ சோப்போ போகவில்லை என்று பொருள். நனைத்த கிளாசில் உப்பைத் தூவிப் பாருங்கள். பிசுக்குள்ள இடத்தில் உப்பு ஒட்டாது. நம் விருந்து மண்டபங்களின் கண்ணாடி டம்ளருக்கும் இதே சோதனை போதும்.

குழாய் பற்றிய குறிப்புகளை அந்த நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கல் பராமரிப்புத் தாள் அச்சாகி வந்துவிட்டது. வார்ப்பவர்கள் ஒவ்வொரு சரக்கோடும் ஒன்று வைத்து அனுப்ப வேண்டுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்