நேட் சொன்ன அந்த 'முடியாது' எங்கே?

'டெட் லாஸோ' தொடரை எழுதும் ஜேசன் சுடெய்கிஸ், பிரெண்டன் ஹன்ட், ஜோ கெல்லி, பிரெட் கோல்ட்ஸ்டைன் ஆகியோருக்கும் எழுத்தாளர் குழுவுக்கும்,

வணக்கம். நான்காவது சீசன் உண்டு என்று 2025 மார்ச்சில் அறிவித்தீர்கள். இங்கிலாந்துக் கால்பந்து கிளப் ஒன்றுக்குக் கோச்சாக வரும் அமெரிக்கர் டெட்டின் கதை அது. அறிவிப்பைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது, அந்த கிளப்பின் எடுபிடியாக இருந்த நேட் ஷெல்லிதான். அவனுக்கு நீங்கள் ஒரு காட்சி பாக்கி வைத்திருக்கிறீர்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதல் எபிசோடில், மைதானத்துப் புல்லை மிதிக்கும் இரண்டு அமெரிக்கர்களைப் பார்த்துக் கத்துகிறான். வந்திருப்பது புதுக் கோச்சுகள் என்று தெரிந்ததும் குரல் உள்ளே போய்விடுகிறது. டெட் அவன் பெயரைக் கேட்கிறார். தன் பெயரை ஒருவர் கேட்கிறாரே என்று அவன் திகைத்து நிற்கிறான். என்னை இந்தத் தொடரில் கட்டிப்போட்டது அந்த ஒரு நொடிதான். ஜெர்ஸி துவைத்து, துண்டு மடித்து, பூட்ஸ் எடுத்து வைக்கும் ஆள். எந்த வேலை இடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர் தெரியாது.

அந்த மனிதனை 2021இல், இரண்டாவது சீசனில், நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசக்கவைத்த விதம் அபாரம். அப்பா அம்மாவின் திருமண நாளுக்கு ஓட்டலில் ஜன்னலோர மேசை வேண்டும், கேட்க வாய் வரவில்லை. கழிவறைக்குப் போய், கண்ணாடியில் தெரியும் தன் முகத்தின்மீதே காறித் துப்பிவிட்டு வந்து கேட்டு வாங்குகிறான். பார்த்தபோது நான் கைதட்டினேன். சில வாரம் கழித்துத்தான் உறைத்தது, அவன் தைரியம் வருவதே வெறுப்பிலிருந்து என்று. டாட்டன்ஹாம் அணிக்கு எதிராக அவன் வகுத்த வியூகம் பலித்து, பத்திரிகைகள் புகழ்ந்த பிறகு அந்த எச்சில் அடுத்தவர் பக்கம் திரும்பியது. அதிகம் வாங்கியவன், தன் பழைய வேலைக்கு வந்த வில். 'வொண்டர் கிட்' என்று ஜெர்ஸியில் அச்சடித்து ஆசையாகப் பரிசு கொடுத்த பையனை மூலையில் நிறுத்தி மிரட்டினானே, அங்கே என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

காரணம் இருக்கிறது. நான் ஓர் அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து மெஷின் ஓட்டுபவனாக உயர்ந்தவன். உயர்ந்த மூன்றாவது மாதம், எனக்குக் கீழே வந்த பையன் தாளைக் கோணலாக அடுக்கியதற்காக நாலு பேர் முன்னால் அவனை வாய்க்கு வந்தபடி பேசினேன். ஒரு காலத்தில் என்னைக் கூசவைத்த அதே வார்த்தைகள், அதே தொனி. மறுவாரம் அவன் வேலைக்கு வரவில்லை. ஆறு வருஷம் கழித்து அவன் வீடு தேடிப் போனேன். உள்ளே போய்ப் பேசியது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. அதற்குமுன் வாசலில், செருப்பைக் கழற்றுவதா திரும்பிப் போவதா என்று நின்ற நேரம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. காலடியில் அரைகுறையாக அழிந்த கோலம். உள்ளே குக்கர் விசில் சத்தம்.

நேட்டின் கதையில் நீங்கள் விட்டுவிட்டது அந்த வாசலைத்தான்.

2023இல் வந்த மூன்றாவது சீசனை நினைத்துப் பாருங்கள். கிளப்பின் முன்னாள் முதலாளி ரூபர்ட் மேனியன், டெட்டை விட்டு வந்த அவனுக்குத் தன் வெஸ்ட் ஹாம் அணியைக் கொடுத்தார், காரைக் கொடுத்தார், அவன் ஏங்கிய மரியாதையைக் கொடுத்தார். அப்பாவிடம் கிடைக்காததையெல்லாம் கொடுத்த கை அது. ஒரு நாள் இரவு ரூபர்ட் அவனை ஒரு விடுதிக்கு அழைக்கிறார். அங்கே பெண்கள் காத்திருக்கிறார்கள். நேட் ஏதோ சொல்லி நழுவி, காதலி ஜேடிடம் போய்ச் சேருகிறான். அதுவரை சரி. பிறகு பார்த்தால் அவன் வேலையிலேயே இல்லை. விலகிவிட்டான் என்று பிறர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிகிறது.

கண்ணாடியில் துப்பினால்தான் வாய் திறக்கும் என்றிருந்தவன், அவ்வளவு பெரிய மனிதரின் எதிரே நின்று எப்படிச் சொன்னான்? குரல் நடுங்கியதா? கார் சாவியை மேசைமேல் வைத்தானா? துப்பாமல் ஒரு தைரியம் அவனுக்குள் முதல் முறையாகப் பிறந்த நேரம் அது. மூன்று சீசனாக அதற்குத்தான் காத்திருந்தோம். அது நடந்தபோது கேமரா வேறெங்கோ இருந்தது.

நேரம் இல்லாமல் போனது என்று சொல்ல முடியாது. அந்த சீசனில் பல எபிசோடுகள் ஒரு மணி நேரத்தைத் தொட்டன. கடைசியது ஒன்றேகால் மணி நேரம் ஓடியது.

இதை எப்படிச் செய்யவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததும் இல்லை. திமிர் பிடித்த ஆட்டக்காரன் ஜேமி டார்ட்டுக்குச் செய்து காட்டியிருக்கிறீர்களே. அணியை விட்டுப் போய்த் திரும்பி வந்தவனை மற்றவர்கள் ஏற்கவில்லை. சக ஆட்டக்காரன் சாம் எதிர்ப்பாகத் தன் ஜெர்ஸியிலிருந்த விளம்பரதாரர் பெயரைக் கறுப்பு டேப்பால் மறைத்தபோது ஜேமியும் எழுந்து டேப்பை வாங்கி ஒட்டிக்கொண்டான். வெம்பிளியில் தோற்ற நாளில், உடைமாற்றும் அறைக்குள் வந்து கேவலமாகப் பேசிய அப்பனை அடித்துவிட்டு அவன் உறைந்து நிற்க, அதுவரை அவனைக் கண்டாலே ஆகாத கோச் ராய் கென்ட் நடந்து போய்க் கட்டிக்கொண்டார். ஒரு வசனம் இல்லை. ஒவ்வொரு படியும் எங்கள் கண்ணெதிரே. அதனால்தான் அவனை மன்னிக்க யாரும் எங்களிடம் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நேட்டை மட்டும் மன்னித்தாயிற்று என்று எங்களுக்குத் தகவல் சொன்னீர்கள்.

நல்லதையும் சொல்லவேண்டும். அப்பா அவனிடம் மன்னிப்புக் கேட்ட காட்சி எனக்குப் பிடித்தது. உன்னை எப்படி வளர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்று ஒரு தகப்பன் வாய்விட்டுச் சொல்வது லேசான காரியமா? தன் பழைய குற்றத்தையும் டெட் தனக்குத் தந்த மன்னிப்பையும் டெட்டின் துணைக் கோச் பியர்ட் வந்து சொன்னதும் கச்சிதம். கடைசியில் அவன் வில்லுக்கே உதவியாளாகத் திரும்பியதைப் பலர் இறக்கம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொடங்கிய இடத்திலிருந்து மறுபடி தொடங்க ஒப்புக்கொண்டவன் அவன். நேட்டாக வரும் நிக் முஹம்மத் அதைத் தோள்களாலேயே நடித்தார். 2021, 2022 இரண்டு வருஷமும் எம்மி விருதுக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டது சும்மா இல்லை. அப்படிப்பட்ட நடிகரிடமிருந்து அந்தக் காட்சியைப் பறித்தீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

வில் விஷயமும் அரைகுறைதான். யாருக்கும் தெரியாமல் வந்து அறையைச் சுத்தம் செய்து, ஒரு சிறு குறிப்பு வைத்துவிட்டுப் போனான். டெட் முன்னால் அழுது மன்னிப்புக் கேட்டவனுக்கு வில்லின் முகத்தைப் பார்த்துப் பேச ஒரு காட்சி வேண்டாமா? பெரியவரிடம் கேட்கும் மன்னிப்புக்குக் கண்ணீர், சின்னவனிடம் கேட்பதற்கு ஒரு துண்டுக் காகிதமா?

முடிந்துபோன சீசனைத் திரும்ப எடுக்க முடியாது என்று எனக்கும் தெரியும். புதிய சீசனில் டெட் பெண்கள் அணிக்குக் கோச் என்கிறீர்கள், மகிழ்ச்சி. அதற்கு நடுவில் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். பயிற்சி முடிந்த மாலை, துணி வைக்கும் அறை. நேட்டும் வில்லும் துண்டு மடித்துக்கொண்டிருக்கட்டும். வில் தலையைத் தூக்காமலே கேட்கட்டும், அன்றைக்கு ரூபர்ட்டிடம் என்னதான் சொன்னீர்கள் என்று. நேட் துண்டைக் கீழே வைத்துவிட்டு, வில்லுக்கு நேராகத் திரும்பி, முதலில் அவனிடம் சொல்லவேண்டியதைச் சொல்லட்டும். ரூபர்ட் கதை பிறகு வரட்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ரசிகன் ஒருவன்