கருக்கிச் சமைக்கிற ஊர்

கெரேத்தாரோ, மெக்சிகோ

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் பேசும்போதெல்லாம் “அங்க என்னத்தைத்தான் சாப்பிடுற?” என்று கேட்கிறாய். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் போனைப் பிடுங்கிக்கொள்கிறான். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். மதியம் வேலை முடித்துவிட்டு ஆற அமரப் படி.

உன் கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். அரிசி கிடைக்கிறது. கொத்தமல்லித்தழை கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. புளியும் உண்டு. இவர்கள் அதைச் சர்க்கரை போட்டுக் கரைத்துக் குடிக்கிறார்கள், மிளகாய்ப்பொடி தூவி மிட்டாயும் செய்கிறார்கள். நான் ரசம் வைத்துக்கொள்கிறேன். கறிவேப்பிலைக்குத்தான் வழியில்லை. ஊருக்கு வெளியே போனால் நம்ம சீமைக்கருவேலத்தின் பங்காளி மரம் நிற்கிறது, மெஸ்கீத்தே என்கிறார்கள். அங்கே அதை வெட்டி ஒழிக்கக் கோர்ட்டு வரை போனோம். இங்கே நிழலுக்கு வைத்துக் கொண்டாடுகிறார்கள். காலக்கொடுமை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 16 இவர்களுக்குச் சுதந்திர தினம். அதையொட்டி விடுமுறை வந்தது, வஹாக்காவுக்குப் போய்வந்தேன். மெக்சிகோ நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 460 கிலோமீட்டர். சுற்றிலும் மலை, நடுவில் ஊர். இந்த நாட்டில் யாரிடம் கேட்டாலும் “சாப்பாடா? வஹாக்காவுக்குப் போ” என்பார்கள். தனியாகப் போனால் என்ன வாங்குவது, எதைத் தொடக்கூடாது என்று தெரியாது. அதனால் ஒரு உணவுச் சுற்றுலாவில் சேர்ந்துகொண்டேன். வாங்கிய காசு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கூட்டிப்போன அம்மா கெட்டிக்காரர். சபோதேக் என்கிற பூர்வகுடி இனத்தவர். நம்மிடம் ஸ்பானிஷ், சந்தைக்காரப் பெண்களிடம் தன் தாய்மொழி. விலை பேசுவதெல்லாம் அந்த மொழியில்தான்.

முதல் நாள் சந்தை. பெனிட்டோ ஹுவாரஸ் சந்தை, அதை ஒட்டினாற்போல் நவம்பர் 20 சந்தை. 1910-ல் இங்கே புரட்சி தொடங்கிய தேதி அது. இந்த இரண்டாவது சந்தையில் ஒரு நடை முழுக்கப் புகை. இரண்டு பக்கமும் கரி அடுப்பு, மேலே தோரணம் மாதிரி இறைச்சி. நுழையும் இடத்தில் வெங்காயத்தாளும் பச்சை மிளகாயும் வாங்கிக் கொடுத்தால் அடுப்பிலேயே சுட்டுத் தருகிறார்கள். பிறகு எடை போட்டுக் கறி வாங்கி, அதையும் சுடச் சொல்லிவிட்டு, பெஞ்சில் போய் உட்கார வேண்டும். கறிக்காரருக்குத் தனிக் காசு, தோர்த்தியா என்கிற மக்காச்சோள ரொட்டி விற்கிற பாட்டிக்குத் தனி, தொட்டுக்கொள்கிற சட்னிக்குத் தனி. தசாஹோ என்று ஏடு ஏடாக அறுத்துத் தொங்கவிட்டிருப்பது மாட்டுக்கறி. நான் அதைத் தொடவில்லை, நம்ம அம்மாவிடம் மறக்காமல் சொல். மிளகாய் தடவிய பன்றிக்கறியைச் சாப்பிட்டேன், அதைச் சொல்ல வேண்டாம்.

வெட்டுக்கிளியும் தின்றேன். முகம் சுளிக்காதே. சோளக்கொல்லையிலும் குதிரைமசால் வயலிலும் மழைக்காலத்தில் பிடித்து, பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்து வறுத்துக் கூடை கூடையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். பொடிசு நல்ல மொறுமொறுப்பு. பெரிசில் கால் தொண்டையில் குத்தும்.

இவர்களுக்குச் சோறு என்றால் மக்காச்சோளம்தான். வெறுமனே மாவாக்கிச் சுடுவதில்லை. வெத்தலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பைத் தண்ணீரில் கலந்து சோளத்தை வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் கசக்கித் தோலைக் கழுவிவிட்டு அரைக்கிறார்கள். நிஷ்தமால் என்று பெயர். அப்படிச் செய்தால்தான் மாவு கையில் ஒட்டிச் சேரும், தட்டையாகத் தட்ட வரும். இன்னொன்றும் உண்டு. சோளத்தில் இருக்கிற நயாசின் சத்து சுண்ணாம்பு பட்டால்தான் உடம்பில் சேரும். ஐரோப்பாக்காரன் இங்கிருந்து சோளத்தை மட்டும் கொண்டுபோனான், சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுவிட்டான். விளைவு, சோளமே கதி என்றிருந்த ஏழைகளுக்கு இத்தாலியில் பெலாக்ரா என்கிற நோய் வந்தது. தோல் வெடித்து, புத்தி பேதலித்து, கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டில்கூட அது இருந்தது. பயிரை எடுத்துக்கொண்டு, அதைச் சமைக்கத் தெரிந்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனால் வேறென்ன நடக்கும்?

இதே வஹாக்கா மாநிலத்தில் மித்லா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குகை இருக்கிறது, கிலா நாக்கிட்ஸ். அங்கே தோண்டியதில் சுமார் 10,000 ஆண்டு பழைய பூசணி விதை கிடைத்திருக்கிறது, 6,000 ஆண்டுக்கும் மேல் பழைய சோளக்கதிரும் கிடைத்திருக்கிறது. மெக்சிகோ சமையலை 2010-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததை எங்களைக் கூட்டிப்போன அம்மா பெருமையாகச் சொன்னார். உடனேயே, “பட்டியலில் சேர்த்ததால் சந்தைப் பெண்களுக்கு ஒரு பெசோ கூடியதா?” என்று தானே கேட்டுக்கொண்டார்.

சந்தையில் தெஹாத்தே குடித்தேன். பெரிய மண் தொட்டியில் ஒரு பெண் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். சாம்பல் போட்டு வேகவைத்த சோளம், வறுத்த கொக்கோ, மாமே என்ற பழத்தின் கொட்டை, ஒரு காட்டு மரத்தின் காய்ந்த பூ எல்லாவற்றையும் அரைத்த விழுது அது. உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்ற ஊற்ற மேலே வெள்ளையாக, கெட்டியாக நுரை கட்டுகிறது. சிவப்புச் சாயம் பூசிய சுரைக்குடுவையில் முதலில் அடியிலிருப்பதை மொண்டு, நுரையை மேலே அள்ளி வைத்துத் தருகிறார். குளிர்ச்சியாக, லேசான மண் வாசனையோடு இருக்கிறது. வெயிலில் அலைந்த வயிற்றுக்கு அமிர்தம்.

மினா தெருவில் சாக்லேட் அரைக்கிற மில்கள் வரிசையாக இருக்கின்றன. கொக்கோ, பாதாம், பட்டை, சர்க்கரை எவ்வளவு வேண்டுமென்று நாம் சொல்ல, கண்ணெதிரே அரைத்துத் தருகிறார்கள். தெருவே மணக்கிறது. கொக்கோ பெரும்பாலும் தபாஸ்கோ, சியாபாஸ் பக்கமிருந்து வருவதுதான்.

இனி உனக்காகவே எழுதுகிற பகுதி. இரண்டாம் நாள் பள்ளத்தாக்கில் தியோதித்லான் என்ற ஊருக்குப் போனோம். கம்பளி நெசவுக்குப் பேர் போன ஊர். நெசவை விடு, ஒரு வீட்டு முற்றத்தில் கறுப்பு மோலே வைத்துக் காட்டினார்கள். மோலே என்பது குழம்பு. வஹாக்காவில் ஏழு வகை என்று எல்லாப் பலகையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அது வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிற கணக்கு, ஊருக்கு ஊர் எண்ணிலடங்காது என்றார் அந்த வீட்டம்மா. கல்யாணத்துக்கும், நவம்பர் முதல் வாரத்தில் செத்தவர்களுக்குப் படைக்கிற நாளுக்கும் இந்தக் கறுப்பு மோலேதான்.

இதற்குப் போடுகிற வத்தலைப் பார்த்ததும் எனக்கு அத்தான் ஞாபகம் வந்துவிட்டது. சில்வாக்லே என்று பெயர். நம்ம ராமநாதபுரம் குண்டு மிளகாயைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கறுப்பு மை தடவினால் எப்படி இருக்குமோ அப்படி. காரம் குறைவு, வாசம் அதிகம். குயிகாத்லான் பக்கம் ஒரு பள்ளத்தாக்கில் சிலபேர்தான் பயிர் வைக்கிறார்கள், அதனால் மற்ற வத்தலைவிடப் பல மடங்கு விலை. வாங்க முடியாதவர்கள் வேறு வத்தலைக் கலந்து சமாளிக்கிறார்கள்.

காம்பு கிள்ளி, விதையை உதிர்த்துத் தனியே வைத்தார்கள். வத்தலை மண் ஓட்டில் போட்டுக் கறுக்க வறுத்தார்கள். சரி, வறுக்கட்டும் என்று பார்த்தால், அடுத்து அந்த விதையை ஒரு தோர்த்தியாவோடு சேர்த்து அடுப்பில் போட்டார்கள். புகைந்தது, பிறகு தீயே பிடித்தது. அவர்கள் அசையவில்லை. கரியாகும் வரை எரியவிட்டார்கள். எழும்பிய நெடி இருக்கிறதே, கூட வந்த வெள்ளைக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார்கள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். உன் அடுக்களையில் வளர்ந்த மூக்கு, என்ன செய்யும்?

நம் வீட்டில் தாளிப்பு ஒரு நொடி கருகினால் என்ன பாடு படுத்துவாய்! சட்டியோடு கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து வைப்பாய். இங்கே கருகலே குழம்பின் உயிர். ஆனால் சும்மா கரியை அரைத்துப் போடுவதில்லை. எரிந்த விதையைத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கசப்பை இறக்குகிறார்கள். குறைவாக எரித்தால் நிறம் வராது. கழுவாமல் விட்டால் வாயில் வைக்க முடியாது. அதிகம் கழுவினால் எரித்ததே வீண். எங்கே நிறுத்துவது என்று கேட்டதற்கு அந்த அம்மா ஊறிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினார். பதில் அவ்வளவுதான்.

அப்புறம் எள், நிலக்கடலை, பாதாம், உலர்ந்த திராட்சை, நேந்திரம் மாதிரி ஒரு வாழைப்பழம், ரொட்டி எல்லாம் தனித்தனியாக வறுபடுகின்றன. மிளகு, கிராம்பு, பட்டையும் உண்டு. நம்ம பக்கத்து மிளகு இவர்கள் குழம்பில், போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கொண்டுவந்த இவர்கள் மிளகாய் நம்ம குழம்பில். அரைப்பது மெத்தாத்தே என்ற கல்லில். அம்மிதான், ஆனால் மூன்று கால், முன்பக்கம் சரிவு, மண்டி போட்டு உட்கார்ந்து உடம்பு முழுவதையும் முன்னே சாய்த்து அரைக்க வேண்டும். நான் கொஞ்ச நேரம் அரைத்தேன். முட்டி இன்னும் வலிக்கிறது. விழுதை வதக்கி, கடைசியில் சாக்லேட்டும் ஒரு வகை அவகாடோ இலையும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, வெந்த வான்கோழி மேல் ஊற்றினார்கள்.

ருசி? உண்மையைச் சொல்லட்டுமா? முதல் வாய் புகை, இரண்டாவது இனிப்பு, விழுங்கின பிறகு லேசான கசப்பு. பிரமாதம்தான். ஆனால் தட்டு நிறைய என்னால் முடியவில்லை. எனக்குப் பிடித்தது மஞ்சள் மோலே. ஓஹா சாந்தா என்று பெரிய இலை ஒன்று போடுகிறார்கள், கொஞ்சம் சோம்பு வாசம் அடிக்கிறது. அதைப் பிசைந்து சாப்பிடச் சோறு இல்லையே என்றுதான் இருந்தது.

சாயங்காலம் சோலேதாத் கோயிலுக்கு முன்னால் ஐஸ் கடைகளுக்குப் போனோம். பனிக்கட்டியும் உப்பும் நிரப்பிய வாளிக்குள் பாத்திரத்தை வைத்துக் கையாலேயே சுற்றி உறையவைக்கிறார்கள். அங்கே பேர் போனது எது தெரியுமா, அடிப்பிடித்த பால்! வேண்டுமென்றே தீய்த்து, அந்தத் தீய்ந்த வாசத்தோடு உறையவைத்தது. பக்கத்திலேயே சிவப்பாகச் சப்பாத்திக்கள்ளிப் பழ ஐஸ் ஒரு கரண்டி. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். பால் அடிப்பிடித்ததற்கு நீ ஆச்சியிடம் வாங்கிய அடியை நினைத்துச் சிரித்துக்கொண்டே தின்றேன். கூட இருந்தவர்கள் ஏனென்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் ஆச்சியை விளக்க முடியவில்லை.

சுற்றுலாவில் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு கடையிலும் ஒரு வாய், உடனே அடுத்த கடை. சமைத்த அந்த அம்மாவோடு உட்கார்ந்து பேச நேரமே தரவில்லை. நீ வந்திருந்தால் வண்டியை அனுப்பிவிட்டு அங்கேயே தங்கியிருப்பாய்.

கறுப்பு மோலே விழுது சந்தையில் கிலோக்கணக்கில் விற்கிறது, ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவரப் பார்க்கிறேன். வான்கோழிக்கு எங்கே போவது, நாட்டுக்கோழி போதும். சில்வாக்லே விதை கொண்டுவரச் சொல்லி அத்தான் கேட்பார். அதெல்லாம் அனுமதிச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் விட மாட்டார்கள் என்று சொல்லிவிடு.

குண்டு வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அத்தான் தெருவுக்கே இனிப்பு கொடுத்தாரே, அதற்குப் பிறகு விலை ஏதாவது ஏறியதா? குவிண்டால் இப்போது என்ன போகிறது என்று கேட்டு எழுது. இங்கே அலுவலகத்தில் பந்தயம் போட்டிருக்கிறோம், யார் ஊர் வத்தலுக்கு விலை அதிகம் என்று.

உன் அன்புத் தம்பி,
சேது