பாதி வழியில் நிற்கும் துணிக்கூரை

அன்பு நண்பா,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. புது வீட்டோடு கராஜும் கிடைத்திருக்கிறது என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. மழையிலும் பனியிலும் நிற்கும் துணிக்கூரை எத்தனை நாளுக்குத் தாங்கும்? மகளின் பரீட்சை முடிவையும் எழுதியிருந்தாய். அவளுக்கு என் ஆசிகளைச் சொல்.

இனி வண்டிக்கு வருகிறேன். 1999 போர்ஷே பாக்ஸ்டர், 2.5 லிட்டர். ஸ்விட்சை அழுத்தினால் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் பின்மூடி எழும்பி, துணிக்கூரை மடிந்து அதற்கடியில் போய்விடும் வண்டி. ‘பின்மூடி எழும்புகிறது, கூரை பாதியில் நின்றுவிடுகிறது, இடது பக்கம் பின்தங்குகிறது, மோட்டார் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது’ என்று எழுதியிருக்கிறாய். மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அவசரப்பட்டு மாற்றிவிடாதே. மோட்டார் சுற்றுகிறது, ஒரு பக்கம் நகரவும் செய்கிறது என்றால் மோட்டார் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். அதன் விசை மறுபக்கத்துக்குப் போய்ச் சேரவில்லை. எங்கே அறுபட்டது என்று கண்டுபிடித்தால் போதும்.

அமைப்பை மனதில் வாங்கிக்கொள். கூரைக்கு மோட்டார் ஒன்றே ஒன்றுதான், இருக்கைகளுக்குப் பின்னால் நடுவில் இருக்கிறது. அதிலிருந்து இடமும் வலமும் பழைய ஸ்பீடோமீட்டர் கேபிள் மாதிரி சுழலும் கேபிள் ஒவ்வொன்று போகிறது. கேபிளின் கடைசியில் ஒரு சின்ன கியர்பாக்ஸ். அதில் ‘வி’ வடிவ லீவர். லீவரின் ஒரு கை ராடு மூலமாகக் கூரைச் சட்டத்தைத் தள்ளும், இன்னொரு கை பின்மூடியைத் தூக்கும். எல்லாம் சரியாக இருந்தால் 12 விநாடியில் கூரை உள்ளே போய்விடும். இடமும் வலமும் கணக்குத் தப்பாமல் ஒன்றாக நகர வேண்டும். ஒன்று பிந்தினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கிக்கொள்ளும்போது ஸ்விட்சை அழுத்திப் பிடிப்பதும், கையால் பின்மூடியைத் தள்ளுவதும்தான் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். கோணலாகப் போகிறது என்று பட்டால் அந்த நொடியே ஸ்விட்சை விட்டுவிடு.

ஸ்விட்சை அழுத்தியும் எதுவுமே அசையாத நிலை வேறு. உனக்கு அது இல்லை, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால்தான் கூரை நகரும். பிரேக்கை இழுத்தும் டாஷ்போர்டில் அதன் விளக்கு எரியவில்லை என்றால் அதன் ஸ்விட்சைப் பார். முன்கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே இருக்கிற கொக்கியை விடுவித்ததும் பக்கக் கண்ணாடிகள் தாமாகச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கொக்கிக்குள் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் மேல்தான் சந்தேகம். இரண்டும் சரி என்றால் ஃபியூஸையும், மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் ரிலேயையும் பார். பேட்டரியையும் ஒருமுறை அளந்துவிடு. ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மற்ற சோதனை எதையும் நம்ப முடியாது.

இனி உன் வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்து. உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஸ்விட்சை ஒரு விநாடி அழுத்தி, ஒரு விநாடி விடட்டும். நீ வெளியே நின்று இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் பார். பின்மூடி நன்றாக எழும்பி, கூரை பாதியில் நிற்கும்போது நிறுத்தச் சொல். சாவியை எடுத்துவிடு, கூரையின் ஃபியூஸையும் பிடுங்கிவிடு. அதற்குப் பிறகுதான் கை உள்ளே போகலாம். இந்தச் சட்டம் மூடும்போது விரலை நசுக்கிவிடும். கூரையின் பின்பகுதியை மேலே தூக்கி, ஒரு கயிற்றால் முன்பக்கமாகக் கட்டிவை. பின்மூடியைத் தாங்கும் ராடுகளின் நுனியை இரண்டு பக்கமும் தட்டை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல நெம்பினால் கழன்றுவரும். மூடி முழுவதும் பின்னால் சாயும். இஞ்சின் இந்த வண்டியின் நடுவில் இருப்பதால் மேலிருந்து அதைப் பார்க்கவும் இதே வழிதான். ஆகவே இந்த நிலைக்குக் கொண்டுவரக் கற்றுக்கொள்வது கூரைக்கு மட்டும் பயன்படும் வித்தை அல்ல.

இப்போது கூரைச் சட்டத்தைத் தள்ளும் இடது பக்க ராடின் நுனியை டார்ச் அடித்துப் பார். லீவரில் பட்டாணியை விடச் சற்றுப் பெரிய இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். ராடின் நுனியில் அதைக் கவ்வுகிற பிளாஸ்டிக் கிண்ணி. உன் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் கிண்ணியைத்தான். வாய் ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு விட்டிருக்கும், அல்லது பாதி உடைந்து குமிழ் தனியாக நிற்கும். கண்ணுக்கு முழுசாகத் தெரிந்தாலும் நம்பாதே. குமிழில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்து. ‘டக்’ என்று உட்கார வேண்டும், விரலால் இழுத்தால் வரக்கூடாது. தானாக நழுவி வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. புதுக் கிண்ணியின் விலை அதிகமில்லை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்கு. பழையதைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி எழுதிவை. புதியதையும் அதே சுற்றுக்கு ஏற்று. ராடின் நீளம் மாறினால் இரண்டு பக்கமும் ஒன்றாக நகராது.

இரும்புக் கிண்ணி போட்டுவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. எங்கேயாவது சிக்கிக்கொண்டால் முதலில் உடைய வேண்டியது இந்தச் சின்னப் பிளாஸ்டிக்தான். இது உடையாவிட்டால் அடுத்த பலி கியர்பாக்ஸ், அதற்கடுத்து கூரைச் சட்டம். குமிழைத் துடைத்து வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு மிளகளவு தடவினால் பிளாஸ்டிக்கே நெடுநாள் உழைக்கும்.

கிண்ணி நன்றாக இருந்தால் கேபிளுக்குப் போ. அந்தப் பக்கத்து கியர்பாக்ஸ் அசையவே இல்லையா, மோட்டார் பக்கம் ‘கிர்ர்’ என்று வெறும் சுற்றல் மட்டும் கேட்கிறதா? உள்கேபிளின் நுனி மோட்டாரின் துளைக்குள் முழுக்கப் போய் உட்காரவில்லை என்று அர்த்தம். வருடங்கள் ஆக ஆக கேபிளின் வெளி உறைக்கும் உள்கம்பிக்கும் நீளம் ஒத்துப்போகாமல் போய்விடும். நுனி கொஞ்சமாகத்தான் கவ்வும், பாரம் ஏறியதும் வழுக்கும். கேபிளை வெளியே எடுத்து நுனியைப் பார். மூலைகள் தேய்ந்து உருண்டிருந்தால் புதுக் கேபிள்தான். மூலைகள் கூர்மையாக இருந்தால் உறையைச் சில மில்லிமீட்டர் வெட்டி, நுனி கூடுதலாக வெளியே வரும்படி செய்கிறவர்கள் உண்டு, அதுவும் வேலை செய்யும். வெட்டுவதானால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பார்த்துக்கொண்டே போ, அதிகம் வெட்டினால் ஒட்ட முடியாது. இதற்கு மாறாக ‘கட கட’ என்று பல் தாண்டும் சத்தம் கியர்பாக்ஸிலிருந்தே வந்தால் தேய்ந்தது அதன் பல்.

எதைச் சரிசெய்தாலும் இரு பக்க லீவர்களும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்க்காமல் மூடாதே. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கிண்ணி புதிது, கேபிள் புதிது, ஆனால் இடது லீவர் வலதுக்கு நாலு டிகிரி பின்னால் நிற்கும். முதல் தடவை ஓட்டும்போதே புதுக் கிண்ணி உடையும். போனில் இருக்கும் கோணமானியை இரண்டு லீவர் மேலும் ஒரே மாதிரி வைத்து அளந்து பார். பிந்திய பக்கத்துக் கேபிளை மோட்டாரிலிருந்து கழற்றி, அதன் நுனியைப் பேட்டரி டிரில்லில் பிடித்து, மிக மெதுவான வேகத்தில் சுற்றி இரண்டையும் சமப்படுத்து. சமமான பிறகு கேபிளைத் திரும்ப மாட்டு.

துணி மடியும் விதத்தையும் கவனி. கதவுக்கு மேலே, இரண்டு ஓரத்திலும் உள்ளே எலாஸ்டிக் பட்டைகள் இருக்கும். கூரை மடியும்போது துணியை உள்ளே இழுத்துக்கொள்வது அவைதான். அவை நைந்து அறுந்துவிட்டால் துணி வெளியே பிதுங்கி, சட்டத்தின் மூட்டுக்குள் சிக்கும். முதலில் ஒரு கறுப்புக் கோடு விழும், பிறகு கிழியும். கூரை பாதியில் திணறுவதற்கும் இது ஒரு காரணம். ஒன்று அறுந்திருந்தால் மற்றதன் நீளத்தை அளந்து, இரண்டையும் சேர்த்து மாற்று.

உன் வண்டியில் பின்கண்ணாடி பிளாஸ்டிக் என்பதை மறக்காதே. 2003 மாடலிலிருந்துதான் அசல் கண்ணாடி வந்தது. குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போய், மடித்த இடத்தில் வெடிக்கும். 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் கராஜைச் சூடாக்கிக்கொண்டு மடக்கு. பாதி வழியில் ஸ்விட்சை விட்டு, கண்ணாடியின் நடுவை உள்ளங்கை ஓரத்தால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டால் மடிப்பு வட்டமாக விழும். ஈரமாக இருக்கும்போது மடக்கவே கூடாது.

சட்டத்தின் மூட்டுகளுக்கு டெஃப்லான் ஸ்ப்ரே ஒவ்வொரு சொட்டு போதும், பின்னால் ஒரு துணியை வைத்துக்கொண்டு அடி, கூரைத்துணியில் எண்ணெய்க் கறை ஏறினால் போகாது. ரப்பர்களுக்கு சிலிக்கான். டபிள்யூ.டி. 40 வேண்டாம், அது காய்ந்துபோய்த் தூசியைத்தான் பிடித்து வைக்கும்.

பின்மூடி திறந்திருக்கும்போதே இன்னொரு காரியம் செய்துவிடு. மூடிக்குக் கீழே இரு ஓரத்திலும் மழைத்தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றன. இலையும் சேறும் அடைத்தால் தண்ணீர் வண்டிக்குள் இறங்கி, இருக்கைக்கு அடியில் இருக்கும் அலாரம், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டியை நனைக்கும். அது போனால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார், கீழே சக்கரத்துக்கு அருகே ஒழுக வேண்டும். ஒழுகவில்லை என்றால் மெல்லிய நைலான் குழாயை நுழைத்து எடு. அழுத்தக்காற்று அடிக்காதே, உள்ளே குழாய் கழன்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில் ஆரம்பி, மாலைக்குள் முடித்துவிடலாம். உடைந்த கிண்ணியையும் கேபிள் நுனியையும் படமெடுத்து அனுப்பு. லீவர் இரண்டும் எத்தனை டிகிரியில் நிற்கின்றன என்றும் எழுது. அதைப் பார்த்த பிறகு, கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்