ஓடி வந்தால்தான் உறவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற வார இணைப்பில் வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி வெளியான கட்டுரையை வரி விடாமல் படித்தேன். நாய் ஆளை அறியும், பூனையோ வீட்டை மட்டுமே அறியும், வளர்த்தவர் எதிரே வந்து நின்றாலும் வழிப்போக்கர் வந்து நின்றாலும் அதற்கு வேறுபாடு தெரியாது என்று கட்டுரையாளர் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வழங்கிவிட்டார். ஆதாரம் எதுவும் காட்டவில்லை. காலங்காலமாக எல்லோரும் சொல்லி வருவதற்கு ஆதாரம் எதற்கு என்று விட்டுவிட்டார் போலும்.

தாங்கள் அறியாததல்ல, பூனை ஆளை அறியுமா என்பதை ஆய்வாளர்கள் எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஜப்பானைச் சேர்ந்த அட்சுகோ சைட்டோ, கசுடாகா ஷினோசுகா ஆகிய இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பூனைகளுக்கு அவை வாழும் வீடுகளிலேயே, ஆள் கண்ணில் படாதபடி, பதிவு செய்த குரல்களை ஒலிக்கவிட்டார்கள். முன்பின் தெரியாத மூவர் ஒருவர் பின் ஒருவராக அழைத்தபோது பூனைகளின் கவனம் படிப்படியாகக் குறைந்தது. அடுத்து வளர்த்தவரின் குரல் கேட்டதும் காதும் தலையும் மீண்டும் திரும்பின. கட்டுரையாளர் ஊன்றிப் படிக்க வேண்டியது இதற்கு அடுத்த செய்தியைத்தான். குரலை அடையாளம் கண்டுகொண்ட அந்தப் பூனைகள் பதிலுக்குக் குரல் கொடுக்கவோ எழுந்து வரவோ பெரும்பாலும் முற்படவில்லை. அறிந்துகொள்வது வேறு, அறிந்ததை அடுத்தவருக்குக் காட்டிக்கொள்வது வேறு என்பது இவ்வளவு எளிதாக விளங்கிய பிறகும் பழைய பல்லவியையே பாடுவது ஏன்?

இந்த ஆய்வு என் கண்ணில் படுவதற்கு முன்பே இதே வாக்கியத்தால் நான் அவமானப்பட்டிருக்கிறேன். எங்கள் பூனை ஒருமுறை காணாமற்போய், வெகுநாள் கழித்து ஒரு பிராணிகள் காப்பகத்தில் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. பதறிக்கொண்டு போய்ப் பார்த்தால், அது கூண்டின் மூலையில் உடலைச் சுருக்கி, காதுகளைப் பின்னுக்கு மடித்து, கண்மணிகள் விரிந்து கறுத்திருக்க, என்னைப் பார்த்தும் அசையாமல் கிடந்தது. "உங்க பூனையா இருந்தா உங்களைப் பார்த்ததும் ஓடி வந்திருக்குமே அம்மா" என்றார் அங்கிருந்த பொறுப்பாளர். நாலாபுறமும் நாய்கள் குரைக்கும் கூடத்தில், கிருமிநாசினி நெடிக்கு நடுவில், அச்சத்தில் உறைந்துபோன ஒரு பிராணி துள்ளி வந்து காலைச் சுற்ற வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. தங்கள் இணைப்பைப் படித்த பிறகு விளங்குகிறது.

இடது காது நுனியில் இருந்த பழைய பிளவையும், கீழுதட்டின் ஓரத்தில் இருந்த கறுப்புப் புள்ளியையும், வால் நுனிக்குச் சற்று முன்னால் தடவினால் மட்டுமே விரலில் தட்டுப்படும் எலும்பு வளைவையும் நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் கையுறை அணிந்து தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் கையெழுத்து வாங்கிக்கொண்டு பூனையைக் கொடுத்தார். நான் பூனையை அறிந்திருந்ததற்கு மதிப்பிருந்தது. பூனை என்னை அறிந்திருந்ததைக் கேட்க ஆளில்லை. திரும்பி வரும் வழியில், கூடைக்குள் நான் விட்ட கையில் அது முகவாயை அழுத்தித் தேய்த்துக்கொண்டே வந்தது. அதற்குப் பொறுப்பாளர் சாட்சியாக இல்லாமற்போனது என் துரதிர்ஷ்டம்.

பூனை மனிதரை வாடையாலும் பிரித்தறிகிறது. 2025-இல் ஜப்பானில் இருந்தே வெளிவந்த மற்றோர் ஆய்வில், அக்குள், காதின் பின்புறம், கால் விரலிடுக்கு ஆகிய இடங்களில் தேய்த்தெடுத்த பஞ்சுகளை 30 பூனைகளின் முன் வைத்தார்கள். வளர்த்தவரின் வாடையைவிட அந்நியரின் வாடையையே அவை அதிக நேரம் முகர்ந்தன. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை ஏன் திரும்பத் திரும்ப முகர வேண்டும்? நம்மவர்கள் பார்த்திருந்தால் இதையும், பூனைக்கு வளர்த்தவர் மேல் அக்கறை இல்லை என்றே எழுதியிருப்பார்கள்.

நாய்க்குச் சூட்டியிருக்கும் புகழாரமும் அரைகுறையானதே. தொலைவிலேயே முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளுமாம். என் தம்பி மழைக்கோட்டும் தலைக்கவசமுமாக வாசலில் வந்து நின்றபோது, அவன் கையில் வளர்ந்த எங்கள் நாய் பிடரி மயிர் சிலிர்க்கக் குரைத்தது. காற்று அவன் பக்கமிருந்து வீசிய நொடியில் குரைப்பு பாதியில் நின்றது. முகர்ந்தபடியே இரண்டடி முன்னால் வந்தது. அதன்பின் வால் ஆடியதில் உடம்பு முழுவதும் ஆடியது. முகம் அப்போதும் கவசத்துக்குள்தான் இருந்தது. நாய்க்கு முகமும் தெரியும், குரலும் தெரியும், ஆனால் இறுதி முத்திரை மூக்கினுடையது. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர், பயிற்சி பெற்ற 12 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்க வைத்து, பலவகை வாடைகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். வெகுமதியை எதிர்பார்க்கும் மூளைப்பகுதி, பழகிய மனிதரின் வாடைக்கே மிகுதியாகக் கிளர்ந்தது. அந்த மனிதர் அப்போது நாயின் அருகில்கூட இல்லை.

ஓடி வருவதே அன்பின் அளவுகோல் என்பவர்களுக்குச் சார்லஸ் டார்வினின் நாயை நினைவூட்ட விரும்புகிறேன். அந்நியர் எவரையும் அண்டவிடாத அந்த நாயை, ஐந்து ஆண்டுகளும் இரண்டு நாட்களும் கழித்துத் திரும்பி வந்த டார்வின், அது இருந்த லாயத்தின் அருகே சென்று பழைய முறையிலேயே அழைத்துப் பார்த்தார். அது மகிழ்ச்சி எதையும் காட்டவில்லை. ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்புதான் பிரிந்ததுபோல உடனே அவர் பின்னால் நடந்து, சொன்னபடி கேட்டது என்று 1871-இல் அவரே எழுதி வைத்திருக்கிறார். எங்கள் காப்பகப் பொறுப்பாளர் அங்கே இருந்திருந்தால் அந்த நாயை டார்வினிடம் கொடுத்திருக்க மாட்டார்.

இது தங்கள் இதழுக்குப் புதிதும் அல்ல. முன்பொரு முறை, நாயும் வளர்ப்பவரும் ஒரே சாயலில் இருப்பது அறிவியல்பூர்வமாக நிரூபணமாகிவிட்டது என்று பெட்டிச் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். மைக்கேல் ராய், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் ஆகியோரின் 2004-ஆம் ஆண்டு ஆய்வில், படங்களைப் பார்த்து இணை சேர்த்தவர்களால் தூய இன நாய்களைத்தான் ஓரளவு பொருத்த முடிந்தது, கலப்பின நாய்களை முடியவில்லை என்று அப்போதே கடிதம் எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை. அதற்குரிய இடத்தில் சோப்பு விளம்பரம் வந்தது. வேறொரு வாரம், வயது முதிர்ந்த நாயைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால் சில நாட்களில் பழையவர்களை மறந்துவிடும் என்று கேள்வி–பதில் பகுதியில் ஆறுதல் சொன்னீர்கள். அந்த ஆறுதலை நம்பி எத்தனை பேர் நாயைக் கைகழுவினார்களோ, அது தங்கள் மனசாட்சிக்கு.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அந்தக் 'காணவில்லை' அறிவிப்பு. பூனை தொலைந்தபோது காதுப் பிளவு, உதட்டுப் புள்ளி, வால் வளைவு எல்லாவற்றையும் எழுதித்தான் தங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். இவை தேவையில்லை என்று அடித்துவிட்டு, 'கறுப்பு வெள்ளைப் பூனை காணவில்லை' என்று அச்சிட்டீர்கள். அந்த வருணனைக்குப் பொருந்தாத பூனை எந்தத் தெருவில் இருக்கிறது? வளர்ப்பவர் தம் பிராணியை அறிவது இப்படிப்பட்ட சில்லறை அடையாளங்களால்தான். அது மட்டுமல்ல, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் வெல்ஸ், ஹெப்பர் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு போர்வைகளை முகர்ந்து பார்த்துத் தம் நாயின் வாடை எது என்று சொல்லச் சொன்னபோது, 26 பேரில் 23 பேர் சரியாகச் சொன்னார்கள். வாடையை அச்சிட வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காதுப் பிளவை அச்சிட வழியுண்டு.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இவ்வளவே. 'காணவில்லை' பகுதியில் பிராணியின் அங்க அடையாளங்களுக்கு இரண்டு வரி கூடுதலாக ஒதுக்குங்கள். அதற்குரிய கட்டணத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடும் எண்ணம் இருந்தால், அது கட்டுரை வந்த பக்கத்திலேயே வரட்டும். குறுக்கெழுத்துப் போட்டியின் விடைகளுக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி