பேட்டரி வேண்டாம் என்ற குரல்

மாப்ளே,

நாலு மாசமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்புதான், திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். உன் குட்டிக்கு முன்பல் முளைத்ததா?

கார் ஃப்ரிட்ஜ் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கார் மேல் கூடாரம் போட்டுத் தங்குகிற பயணத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம், அவருடைய இன்சுலின் காரில் செருகி ஓட்டுகிற அந்த ஃப்ரிட்ஜில். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தெரியுமே. பகலெல்லாம் ஜில்லென்று இருந்தது. விடியற்காலை கூடாரத்திலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தால் ஃப்ரிட்ஜ் அணைந்து கிடக்கிறது, உள்ளே 19 டிகிரி. என் கை நடுங்கிவிட்டது மாப்ளே. அன்றைக்கே மருந்துக்கடை தேடிப் புதுசு வாங்கிவிட்டோம்.

முதலில் ஒரு கடையில் கேட்டேன். "பேட்டரி பத்தாது சார், பெருசா போட்ருங்க" என்றார்கள். பணம் கட்டப் போகிறேன், ஏதோ தோன்றி ஃப்ரிட்ஜ் விற்றவர்களின் சர்வீஸ் எண்ணுக்குப் போட்டேன். பேசிய பெண் பில் நம்பர்கூடக் கேட்கவில்லை. "உள்ளே மருந்து ஏதாவது இருக்கா?" என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம், "வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் இருந்தா எடுங்க. கம்ப்ரஸர் ஓடும்போது பேட்டரியில ஒரு தடவை, பிளக் பக்கத்துல ஒரு தடவை பாருங்க."

பேட்டரியில் 12.5 வோல்ட். பிளக்கில் கம்ப்ரஸர் உறுமின அந்த நொடி எண் மளமளவென்று இறங்கி 11.2-இல் நின்றது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் போகிற ஒயர் தொட்டால் சூடு, பிளக் முனையின் ஓரம் சூட்டில் பழுப்பேறிப் போயிருந்தது. பேட்டரியில் தெம்பு இருந்தும் வழியிலேயே 1.3 வோல்ட் போய்விடுகிறது. பேட்டரி செத்துவிட்டதென்று நினைத்து ஃப்ரிட்ஜ் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடினால் அதோடு சுற்றி மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் பக்கம் தருவதால் பகலில் இது தெரிவதே இல்லை!

"பேட்டரி வாங்காதீங்க. பேட்டரியில இருந்து நேரா தடிமனான 6 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுங்க, பேட்டரி பக்கத்துலயே 15 ஆம்ப் ஃபியூஸ் போடுங்க. அதுக்கப்புறமும் நின்னா ஃப்ரிட்ஜை நாங்க எடுத்துக்கிறோம்" என்றார். அவர்களிடமே பெரிய பேட்டரி விற்பனைக்கு இருக்கிறது மாப்ளே, அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ரெண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "ராத்திரி முழுக்க ஓடிச்சா?" என்றும் கேட்டார். ஓடியது. இனி எது வாங்கினாலும் அங்கேதான்.

இப்போது உன் விஷயம். கார் மேல் கூடாரம் போடப் போகிறேன் என்று குதிக்கிறாயே, "மேலே ரெண்டு பேர் படுத்தால் தாங்குமா" என்பதோடு நிறுத்தாதே. வண்டி ஓடும்போது கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் பார், மேனுவலில் இருக்கும். நிறைய கார்களுக்கு அது 75 கிலோதான். கூடாரமே 60 கிலோ வரும், கூடாரத்தைத் தாங்கக் கூரையில் குறுக்கே மாட்டுகிற கிராஸ் பாரின் எடையும் அதே கணக்கில்தான் சேரும். நிறுத்தின வண்டி இதைவிட எவ்வளவோ கூடத் தாங்கும், அது வேறு கணக்கு. விற்கிறவன் உன் வண்டி மாடலைக் கேட்காமலே "தாராளமா போடலாம்" என்றால் திரும்பி வந்துவிடு. பாலத்தடி ராத்திரி மாதிரி இன்னொன்று வேண்டாம்டா. அப்போது நாம் ரெண்டு பேர்தான். இப்போது குட்டியும் உள்ளே தூங்குவாள்.

மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. என் ஸ்லீப்பிங் பேக் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

உன்
மச்சான்