அந்தக் கடைசி வரி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய எழுத்தாளர் கொபாயாஷி தகிஜியின் ‘கானிகோசென்’ (1929) நாவலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிடித்த நண்டைக் கப்பலிலேயே டின்னில் அடைக்கும் கூலிகள், அவர்களை வதைக்கும் மேற்பார்வையாளன் அசகாவா, வேலைநிறுத்தம் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் படித்து முடித்தால் ஒரு கொடுமைக்கார மேஸ்திரியின் கதை என்றுதான் மனதில் நிற்கிறது. காலனிகளுக்குள் முதலாளித்துவம் புகுந்த வரலாற்றில் இது ஒரு பக்கம் என்று நாவலின் முடிவில் ஆசிரியரே எழுதிவைத்திருக்கிறார். அந்த வரியைக் கட்டுரையில் காணோம்.

நான் 34 வருடம் வங்கியில் குமாஸ்தா. பாதி நாள் விவசாயக் கடன் பிரிவில்தான் இருந்தேன். அதனாலோ என்னவோ, கப்பலில் நடப்பதைவிட அந்தக் கூலிகள் கரையில் பட்டதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஹொக்கைடோ தீவுக்குப் போனால் பணக்காரனாகலாம் என்று சினிமா காட்டி ஏழை விவசாயிகளை அழைத்துப் போகிறார்கள். நல்ல நிலத்திலெல்லாம் ஏற்கெனவே யாரோ தங்களுடையது என்று பலகை நட்டிருக்கிறார்கள். இவர்களுக்குக் கிடைத்ததில் ஒரு சாண் தோண்டுமுன் களிமண். பனிக்காலத்தில் ஒரு குடும்பமே பட்டினியில் செத்துக் கிடக்க, பனி உருகியபின் நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அண்டை வீட்டுக்காரர் வந்து பார்க்கிறார். செத்தவர் வாயில் பாதி விழுங்கிய வைக்கோல்.

தப்பிப் பிழைத்தவர் பத்து வருடம் பாடுபட்டு அதை விளைநிலமாக்கினால், அது கடன் கொடுத்த வங்கிக்கோ வட்டிக்காரனுக்கோ போய்விடுகிறது. அந்த நிலத்தைத்தான் கொழுத்த கறுப்புப் பூனையின் ரோமம்போல மினுக்கும் மண் என்கிறார் கொபாயாஷி. கடன் கட்டாதவர் வீட்டில் ஏல நோட்டீஸ் ஒட்ட நானும் பசை வாளியோடு போயிருக்கிறேன். ஒரு வீட்டுக்காரர் என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். இந்த இடத்தைப் படித்தபோது அந்தத் தம்ளர்தான் ஞாபகம் வந்தது.

கொபாயாஷியும் ஒதாரு நகரில் வங்கி குமாஸ்தாதான். அவர் வேலை பார்த்தது ஹொக்கைடோ தகுஷோகு வங்கி. ‘தகுஷோகு’ என்றாலே நிலம் திருத்திக் குடியேற்றுவது. குத்தகை விவசாயிகளின் போராட்டத்தை வைத்து 1929-லேயே இன்னொரு நாவல் எழுதினார். அத்தோடு வேலை போயிற்று. 1933 பிப்ரவரி 20 அன்று டோக்கியோ போலீஸ் காவலில் அடித்தே கொன்றார்கள். வயது 29. மாரடைப்பு என்று அறிவித்தார்கள்.

அவர்மேல் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. அந்த மண் முதலில் ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களுடையது. குடியேறிகள் இழந்ததை அத்தனை நுணுக்கமாக எழுதிய கை, அவர்களுக்கு முன்னால் இழந்தவர்களுக்கு இந்த நாவலில் ஒரு முகம்கூடக் கொடுக்கவில்லை. கட்டுரையாளர் இதைக் கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை.

இடமில்லை என்பீர்கள். அந்தக் கடைசி வரியை மட்டுமாவது அடுத்த ஞாயிறு போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
காரைக்குடி